விளக்கேந்தும் கையும் வினைசெய்யும் கையும்

மனிதனுக்கு இயற்கை தந்தவை இரண்டு கைகள். பகலில் அவை போதும். இருளில் வேலை செய்யப் புகுந்தவருக்கோ மூன்றாவது கை ஒன்று வேண்டியிருக்கிறது. ஒரு கை பொருளைப் பற்றிக்கொள்ளும்; மற்றொரு கை கருவியை இயக்கும்; அப்படியாயின் விளக்கை ஏந்துவது எந்தக் கை? எத்தனையோ தொழிலாளர் நாள்தோறும் தமக்குள் கேட்டு, பேசாமலே விடைகண்டு வந்த கேள்வி இது. அவர்கள் கண்ட விடைகளை ஒருங்கே வைத்துப் பார்த்தால், கருவிகளைப் பற்றிய கேள்வியாக மட்டும் இது நின்றுவிடவில்லை என்பது புலனாகும். விளக்கைத் தாங்கும் அந்த மூன்றாம் கை யாருடையது? அதற்கு நாம் செய்யவேண்டிய கடன் யாது? அக்கை தேவையில்லை என்றான பின், அக்கைக்குரிய மனிதரும் தேவையில்லை என்றாகிவிடுமா?

இவ்வினாவை ஆராய்வதற்குக் கேமரன் மலை பொருத்தமான இடமாகும். 1885ஆம் ஆண்டில் நில அளவையாளர் வில்லியம் கேமரன் கண்டு குறித்த இம்மலைநாட்டில், 1929ஆம் ஆண்டில் ஜே. ஏ. ரஸ்ஸல் என்பார் போ தேயிலைத் தோட்டத்தைத் தோற்றுவித்தார். காடு திருத்திச் சரிவுகளைப் பசுமையாக்கிய உழைப்பில் தமிழர் கைகளுக்குப் பெரும்பங்கு உண்டு. இன்று அதே சரிவுகளில் வங்காள தேசத்தாரும் நேப்பாளியரும் இந்தோனேசியரும் கொழுந்தெடுக்கின்றனர். மலையேறி வரும் சுற்றுலாப் பயணிகள் பச்சை விரிப்பையும் காலை மூடுபனியையும் கண்டு மகிழ்ந்து திரும்புகின்றனர். அவர்கள் உறங்கிய பின்னர்த் தேயிலை ஆலைக்குள் நடப்பதை அவர்கள் காண்பதில்லை.

பகலில் பறித்த கொழுந்து மாலைக்குள் ஆலைக்கு வந்து சேர்கிறது. வாட்டும் தொட்டிகளில் பரப்பப்பட்டு, அடியிலிருந்து விசிறிகள் செலுத்தும் காற்றில் 12 முதல் 18 மணி நேரம் வரை ஈரம் இழந்து துவள்கிறது. அதன் பிறகே உருட்டும் இயந்திரத்துக்குச் செல்கிறது. ஆகவே மரபுமுறையில் தேயிலை செய்யும் ஆலைகளில் உருட்டுவேலை நள்ளிரவு கடந்தும் விடியற்காலையிலும் நடப்பது பல நாடுகளிலும் காணும் வழக்கம். உருட்டப்பட்ட இலை யாருக்காகவும் காத்திருப்பதில்லை. அதன் சாறு காற்றோடு கலந்து நிறம் மாறத் தொடங்கிவிட்டால், உரிய வேளையில் உலர்த்தியின் வெப்பத்துக்குள் அதைச் செலுத்தியாக வேண்டும். வேளை தவறினால் அன்றைய கொழுந்தெல்லாம் கெட்டுப்போகும். அந்நேரத்தில் ஒரு விசிறியின் வார் அறுந்தாலோ, உலர்த்தியின் சங்கிலி சிக்கிக்கொண்டாலோ, பழுது பார்ப்பவர் அக்கணமே இயந்திரத்தின் வயிற்றுக்குள் புகவேண்டியவராகிறார். கூடத்தின் கூரையில் எத்தனை மின்விளக்குகள் எரிந்தால்தான் என்ன? தொட்டியின் அடியிலும் உலர்த்தியின் உள்ளறையிலும் அவருடைய நிழலே அவருக்கு இருளாய் விழுகிறது.

இதே மலையில், செவ்வந்திப் பூந்தோட்டங்களில் இரவு வேளையில் வரிசை வரிசையாக மின்விளக்குகள் எரியக் காணலாம். செடிக்குப் பகல் நீண்டுவிட்டதாகக் காட்டி, அது உரிய வளர்ச்சி பெறும்வரை மொட்டு விடாமல் தள்ளிவைக்கும் உத்தி அது. ஒரு செடிக்கு எத்தனை மணி நேர வெளிச்சம் வேண்டும் என்று நுணுக்கமாகக் கணக்கிட்ட மனித அறிவு, இயந்திரத்தின் அடியில் மல்லாந்து கிடப்பவருக்கு எவ்வளவு வேண்டும் என்பதைக் கணக்கிடச் சற்றுக் காலம் தாழ்த்தியது எனலாம்.

கணக்கிடுவார் இல்லாதபோது தொழிலாளி தம் உடம்பையே விளக்குத் தண்டாக்கிக்கொள்கிறார். சிறிய டார்ச் விளக்கைக் கழுத்துக்கும் தோளுக்கும் இடையே இடுக்கிக்கொள்வார். சட்டைப்பையில் செருகித் தாடையால் அழுத்திப் பிடிப்பார். கம்பியால் குழாயோடு கட்டுவார். எதுவும் இயலாதபோது பற்களுக்கிடையே கவ்விக்கொள்வார். இந்தக் கடைசி வழியே எங்கும் பரவலாகக் காணப்படுவது. வெளிச்சம் முகம் திரும்பும் திசையிலேயே விழுகிறது, கைகள் இரண்டும் விடுபடுகின்றன, செலவும் இல்லை. ஆயினும் அதற்கு ஒரு விலை உண்டு. உலோகக் குழாயின் எண்ணெய்ப் பிசுக்கு நாவில் படுகிறது, பற்கள் தேய்கின்றன, வாயில் உமிழ்நீர் ஊறி வழிகிறது. இவற்றைவிடப் பெரியது ஒன்று. விளக்கைக் கவ்விய வாய் பேசாது. சக்கரம் அசைவதைக் கண்டு "நிறுத்து!" என்று கூவவேண்டிய நேரத்தில் அவர் கூவினால் விளக்கு விழும், விளக்கைக் காத்தால் குரல் எழாது. தம் கைகளை விடுவித்துக்கொள்ளத் தம் நாவை அடகு வைத்தவர் அவர். ஒரு மனிதர் வெளிச்சத்தையும் குரலையும் ஒன்றுக்கொன்று மாற்றிக்கொள்ள நேர்வது சிறுமை உடைய ஏற்பாடு அன்றோ?

இதற்கு மாற்றாக நெடுங்காலம் இருந்துவந்தது மற்றொருவரின் கை. பழுது பார்ப்பவரின் அருகில் ஒருவர் குந்தியிருந்து விளக்கைப் பிடிப்பார். பெரும்பாலும் அவர் இளையவர். எடுபிடி என்று அழைக்கப்படுபவர். சில இடங்களில் சிறுவர். ரப்பர்த் தோட்டங்களில் விடியுமுன் பால்மரம் சீவச் சென்ற தாய்க்குத் துணையாகப் பிள்ளைகள் போனதும், கட்டிப்பால் பொறுக்கியதும், விளக்குப் பிடித்ததும் தோட்டப்புற வாழ்வை அறிந்தோர்க்குப் புதிய செய்தி அல்ல.

விளக்குப் பிடிப்பவருக்கு நம் சமுதாயம் கொடுத்த மதிப்பு மிகவும் குறைவு. நம் பேச்சு வழக்கையே பாருங்கள். பிறருடைய தகாத செயலுக்குத் துணைபோகிறவனை இகழ "விளக்குப் பிடிக்கிறவன்" என்று சொல்லும் வழக்கம் தமிழில் எப்படியோ வேரூன்றிவிட்டது. இருளில் ஒருவனுக்கு ஒளி காட்டுவது எவ்வளவு உயர்ந்த செயல்! அச்செயலின் பெயர் இழிசொல்லாக மாறியதற்குக் காரணம், அதைச் செய்தவர்கள் ஏவல் செய்வோராக இருந்ததே என்று கருத இடமுண்டு. தமிழகத்துத் திருமண ஊர்வலங்களில் பெட்ரோமாக்ஸ் விளக்கைத் தலையில் சுமந்து சென்றவர்களை எண்ணிப் பார்க்கலாம். மணமக்கள் மீதும் மேளக்காரர் மீதும் ஒளி விழும். விளக்கைச் சுமந்தவரின் முகமோ அவ்விளக்கின் அடிநிழலில் இருக்கும். புகைப்படங்களிலும் அவர் இடம்பெறுவது அரிது.

ஆனால் நம் பழைய இலக்கியம் வேறொரு காட்சியையும் வைத்திருக்கிறது. முல்லைப்பாட்டில், பாசறையில் விளக்கு அவியும்தோறும் மீண்டும் ஏற்றி வைக்கும் மகளிர் வருகின்றனர். அவர்கள் தம் கச்சில் வாள் அணிந்திருந்தனர். அங்கே விளக்கைப் பேணும் பணி காவலோடு சேர்ந்த பணி. நெடுநல்வாடையிலோ, யவனர் செய்த பாவை ஒன்று தன் கையில் அகல் ஏந்தி நிற்கிறது. பிற்காலக் கோயில்களில் நேர்த்திக்கடனாக வைக்கப்பட்ட பாவை விளக்குகள் பலவற்றை நாம் அறிவோம். அவற்றின் கலை அழகைப் பற்றி மாணவர்களுக்குச் சொல்லாத ஆசிரியர் இல்லை. அப்பாவையை மற்றொரு கண் கொண்டும் பார்க்கலாம். இரவு முழுதும் அசையாமல் விளக்கேந்தி நிற்பது உயிருள்ள கைக்கு இயலாத வேலை. இயன்றாலும் ஏற்காத வேலை. அவ்வேலையை உலோகத்தின்மேல் ஏற்றியபோது ஓர் உயிருள்ள கைக்கு ஓய்வு கிடைத்தது. விளக்கைக் கையிலிருந்து பிரித்துப் பொருளொன்றின்மேல் வைக்கும் முயற்சி நமக்குப் புதிதன்று.

உழைப்பாளியின் நெற்றிமேல் விளக்கு ஏறிய வரலாறு தனி வரலாறு. இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதிச் சுரங்கத் தொழிலாளர் தம் தொப்பியில் களிமண்ணை அப்பி, அதில் மெழுகுவர்த்தியைப் பதித்துக்கொண்டனர். 1815ஆம் ஆண்டில் ஹம்ப்ரி டேவி உருவாக்கிய காப்பு விளக்கு சுரங்க வாயு தீப்பற்றாமல் எத்தனையோ உயிர்களைக் காத்தது. ஆனால் அது கையில் தூக்கிச் செல்லும் விளக்கு. 1900ஆம் ஆண்டையொட்டி, கார்பைடு கட்டியின்மேல் நீர் சொட்டச் செய்து அதிலிருந்து எழும் வாயுவை எரிக்கும் சிறு விளக்கு வந்தது. அதைத் தொப்பியில் மாட்டிக்கொள்ள முடிந்தது. 1914ஆம் ஆண்டளவில் எடிசனின் மின்கல விளக்கு வந்தது. மின்கலம் இடைவாரில், விளக்கு தொப்பியில், இரண்டுக்கும் நடுவே ஒரு கம்பி. கோலார் தங்க வயலில் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் இறங்கி உழைத்தவர்களுள் பெரும்பாலோர் தமிழர். 2001ஆம் ஆண்டில் அச்சுரங்கங்கள் மூடப்படும்வரை அவர்கள் நாளும் இருளுக்குள் இறங்கிவந்தனர்.

மலாயாத் தமிழர்க்கு இவ்விளக்கு பால்மரக் காட்டில் அறிமுகமாயிற்று. கதிரவன் எழுவதற்கு முன் மரத்தின் உள்ளழுத்தம் மிகுந்திருப்பதால் பால் தாராளமாகச் சுரக்கும். வெயில் ஏறினால் ஓட்டம் குறையும். எனவே இருட்டிலேயே பெரட்டுக்குச் சென்று, இருட்டிலேயே நிரைக்குள் நுழையவேண்டும். ஒரு கையில் உளி. மறுகை மரத்தைத் தழுவிக் கோட்டையும் கோப்பையையும் சரிபார்க்கும். விளக்கு நெற்றியில் ஏறாமல் இவ்வேலை நடவாது. கேமரன் மலையின் உயரத்தில் ரப்பர் விளைவதில்லை என்றாலும், நெற்றி விளக்கின் பழக்கம் தோட்டப்புற மக்களோடு எங்கும் சென்றது. சைக்கிள் டியூபை வெட்டிப் பட்டையாக்கி, அதில் டார்ச் விளக்கைச் செருகி நெற்றியில் கட்டிக்கொள்வது எந்த நூலும் கற்பிக்காத பொறியியல்.

இங்கே ஓர் இடைக்குறிப்பு. காது, மூக்கு, தொண்டை மருத்துவர்களும் நெற்றியில் வட்டக் கண்ணாடி ஒன்றை அணிந்து, அதன் நடுத்துளை வழியே பார்த்து, எதிரொளித்த வெளிச்சத்தில் நோயாளியின் தொண்டையை ஆராய்ந்தனர். அதுவும் இரு கைகளையும் விடுவிப்பதற்கான ஏற்பாடே. மருத்துவரின் நெற்றியில் இருந்தால் அது புலமையின் அடையாளம். பால்மரம் சீவுபவரின் நெற்றியில் இருந்தால் கூலியின் அடையாளம். ஒளிக்கு இவ்வேற்றுமை தெரியாது.

இன்றைய நெற்றி விளக்கு மிகவும் இலேசானது. நீலநிற ஒளி உமிழும் இருமுனையத்தைக் கண்டறிந்தமைக்காக அகாசாகி, அமானோ, நகமுரா ஆகிய மூவருக்கும் 2014ஆம் ஆண்டில் இயற்பியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. அக்கண்டுபிடிப்பின் பயனாய், சிறிய மின்கலத்தில் நெடுநேரம் எரியும் வெண்ணிற விளக்கை எவரும் எளிய விலையில் வாங்கி நெற்றியில் மாட்டிக்கொள்ளலாம். பல்லால் கவ்வும் அவலம் தீர்ந்தது. சிறுவனைக் குந்தவைக்கும் தேவையும் தீர்ந்தது. அப்படியானால் அறத்தின் கேள்வியும் தீர்ந்துவிட்டதா?

தீரவில்லை என்பதற்குத் தேயிலைக் கூடையே சான்று. இலங்கை மலையகத்திலும் தென்னிந்தியத் தோட்டங்களிலும் கொழுந்தெடுத்த பெண்கள் கூடையை முதுகில் தொங்கவிட்டு, அதன் கயிற்றை உச்சந்தலையிலோ நெற்றியிலோ மாட்டிக்கொண்டனர். கூடையைக் கையில் பிடித்திருந்தால் ஒரு கையால்தான் பறிக்க முடியும். தலை தாங்கியதால் இரு கைகளும் விடுபட்டன. விடுபட்ட கை என்ன செய்தது? ஓய்ந்திருந்ததா? இரு கைகளாலும் பறிக்க இயல்வதையே அளவாகக் கொண்டு அன்றாட எடை வகுக்கப்பட்டது. கழுத்து சுமந்த வலி எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. அவ்வாறே நெற்றி விளக்கு இருளிலும் வேலையை இயலுவதாக்கியபோது, இருளும் வேலை நேரமாயிற்று. கை விடுபடுவதும் கைக்குரியவர் விடுபடுவதும் ஒன்றல்ல. விடுபட்ட கை அடுத்து என்ன செய்யவேண்டும் என்பதைத் தீர்மானிப்பவர் யார் என்று கேளாமல், ஒரு கருவியை நன்று என்றோ தீது என்றோ கூறிவிட முடியாது.

இவ்வளவும் கூறிய பின்னும், விளக்குப் பிடித்த சிறுவன் விடுபட்டது நன்றே என்று தயக்கமின்றிச் சொல்லவேண்டும். மலேசியாவில் சிறார்களும் இளையோரும் வேலை செய்வதை 1966ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுப்படுத்தியது. தொடக்கக் கல்வி 2003ஆம் ஆண்டு முதல் கட்டாயமாயிற்று. அச்சிறுவனின் இடம் பள்ளி வகுப்பறை. இதில் இரு கருத்துக்கு இடமில்லை.

ஆயினும் அவன் விளக்கைப் பிடித்தவாறு கற்றதை எண்ணாமல் இருக்கவும் இயலவில்லை. விளக்குப் பிடிப்பது எளிய வேலை என்று நினைப்பவர் ஒருமுறை பிடித்துப் பார்க்கவேண்டும். மூத்தவரின் கண் எங்கே செல்கிறதோ அங்கே ஒளி அவருக்கு முன்பே சென்று நிற்கவேண்டும். அடுத்து எந்தத் திருகாணியைத் தொடுவார் என்பதை உய்த்துணர வேண்டும். "இங்கே காட்டு, இங்கே!" என்ற கடிந்துரை வாராமல் ஓர் இரவு முழுதும் விளக்குப் பிடித்தவன், அத்தொழிலின் பாதியைக் கற்றுவிட்டான் என்பது பட்டறைகளில் உலவும் கருத்து. பிறர் கவனிக்கும் இடத்தில் தன் கவனத்தையும் வைக்கப் பழகுவதே கல்வியின் முதற்படி என்பதை ஆசிரியர்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. கரும்பலகையில் சுட்டுக்கோல் செய்யும் வேலையும் அதுவே. இன்று பயிற்சிக்கு வரும் இளைஞர் தம் நெற்றியில் தாமே ஒரு விளக்கை அணிந்திருக்கிறார். மூத்தவரின் நெற்றி ஒளி ஓரிடம், இவருடையது வேறிடம். இருவரும் ஒன்றையே நோக்க இனி முயற்சி வேண்டும். மூத்தவர் தாம் செய்வதைச் சொல்லிச் சொல்லிச் செய்தால் அக்குறை நீங்கும். சொல்லும் பழக்கம் இல்லாத பட்டறைகளில் தொழிற்கல்வி வாயடைத்துப் போகிறது.

நெற்றி விளக்கைப் பற்றி மற்றொன்றும் கூறவேண்டும். அதை அணிந்தவர் யாரை ஏறிட்டுப் பார்க்கிறாரோ அவர் கண்கள் கூசுகின்றன. அணிந்தவருக்கு எதிரிலிருப்பவரின் முகம் பளிச்சென்று தெரியும். எதிரிலிருப்பவருக்கோ ஓர் ஒளிப்பந்து தவிர ஒன்றும் தெரியாது. தம் பார்வை பிறரைக் குருடாக்குகிறது என்பதை அணிந்தவரால் தாமாக அறிய இயலாது. பிறர் சொன்னாலன்றித் தெரியாது. கையிலிருந்த விளக்கை மரியாதைக்காகத் தாழ்த்துவது இயல்பாக இருந்தது. நெற்றியில் ஏறிய விளக்கைத் தாழ்த்தத் தலையையே தாழ்த்தவேண்டும், அல்லது முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிப் பேசவேண்டும். நிலத்தடியில் வேலை செய்வோர் இதை எழுதாச் சட்டமாகக் கைக்கொள்கின்றனர். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு, அவர்கள் முகம் கொடுத்துப் பேச விரும்பாதவர் போலத் தோன்றும். அம்முகத் திருப்பமே அங்கே உபசாரம்.

இனி, இவற்றுள் மிகவும் கவலைக்குரியதற்கு வருவோம். விளக்குப் பிடித்தவர் விளக்கை மட்டுமா பிடித்திருந்தார்? இயந்திரத்துக்கு வெளியே அவர் குந்தியிருந்த கோலமே ஓர் அறிவிப்பாக இருந்தது: உள்ளே ஒரு மனிதர் இருக்கிறார். அவரைக் கடந்து சென்று எவரும் விசையைத் தட்டியிருக்க முடியாது. உள்ளிருப்பவருக்குக் காற்றுப் போதாமல் குரல் குழறினால் முதலில் கேட்ட காது அவருடையது. சம்பளக் கணக்கில் அவர் எடுபிடி. உண்மையில் அவர் காவலர். முல்லைப்பாட்டு மகளிரின் கச்சில் இருந்த வாள் இங்கே கண்ணுக்குத் தெரியாமல் இருந்தது, அவ்வளவே.

நெற்றி விளக்கு வந்தவுடன், "இருவர் எதற்கு, ஒருவர் போதுமே" என்று ஒரு நிர்வாகம் கணக்கிடுவது எளிது. விளக்கின் விலை ஒருநாள் கூலிக்கும் குறைவு. அதனால் மிச்சமாவதோ ஓர் ஆளின் மாதச் சம்பளம். உலர்த்தியின் உள்ளறைக்குள் தனியே ஊர்ந்து செல்பவருக்கு முன்பைவிட நல்ல வெளிச்சம் இருக்கிறது. அவர் உள்ளே இருப்பது வெளியே எவருக்கும் தெரியாது. வெளிச்சம் கூடியிருக்கும்போதே ஆபத்தும் கூடியிருக்கிறது. கருவி பிடித்திருந்த இடத்தை நிரப்பிய விளக்கு, மனிதர் நின்றிருந்த இடத்தை நிரப்பவில்லை. இவ்விரண்டையும் வேறுபடுத்தாமல் ஆளைக் குறைப்பது கணக்கில் நேர்ந்த பிழை என்று விட்டுவிடத்தக்கதன்று. ஒருவர் செய்துவந்த தொண்டின் பெரும்பகுதியைக் காணாமலே இருந்ததன் விளைவு அது. அவரை எடுபிடி என்று அழைத்தபோதே அக்குற்றம் தொடங்கிவிட்டது.

சட்டம் இவ்வேறுபாட்டை மெல்ல மெல்ல உணர்ந்து வந்திருக்கிறது. மலேசியாவில் 1967ஆம் ஆண்டின் தொழிற்சாலை, இயந்திரச் சட்டம் ஆலைகளில் வெளிச்சத்துக்கும் பாதுகாப்புக்கும் நெறிவகுத்தது. 1994ஆம் ஆண்டில் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் வந்தது; 2024ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதல் பழைய சட்டம் நீக்கப்பட்டு, இப்பிந்திய சட்டமே விரிவாக்கப்பட்டு நடைமுறையில் உள்ளது. சட்டத்தின்படி செய்துதரவேண்டியவற்றுக்குத் தொழிலாளியிடம் கட்டணம் பெறலாகாது என்ற விதி 1994ஆம் ஆண்டுச் சட்டத்தில் அடங்கியிருக்கிறது. இருளில் பாதுகாப்பாக வேலை செய்ய விளக்கு வேண்டும் என்றால், அவ்விளக்கு தொழிலாளியின் சட்டைப்பையிலிருந்து வரவேண்டிய பொருள் அன்று என்பது இவ்விதியின் உட்கருத்தாகக் கொள்ளத்தக்கது. எனினும் தம் காசில் வாங்கிய விளக்கைத் தாமே அணிந்து வருவதில் தொழிலாளிக்கு ஒரு பெருமிதம் இருப்பதையும் காண்கிறோம். தச்சர் தம் உளியைப் பிறரிடம் இரவல் கேளாதது போன்ற பெருமிதம் அது. அப்பெருமிதத்தைப் பயன்படுத்திக்கொண்டு செலவை அவர் தலையில் கட்டுவது நேர்மை ஆகாது.

2010ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட மற்றொரு நெறிமுறை இக்கட்டுரையின் பொருளுக்கு இன்னும் நெருங்கியது. தொட்டி, கொதிகலன், நிலத்தடிக் கால்வாய் போன்ற அடைபட்ட இடங்களுக்குள் வேலைக்குச் செல்வோரைப் பற்றியது அது. கேமரன் மலைக்கு இத்தகைய இடங்கள் புதியன அல்ல. 1960களில் ரிங்லட் ஏரியோடு நீர்மின் திட்டம் உருவானபோது இம்மலையின் உள்ளேயே நீர்ச்சுரங்கங்கள் குடையப்பட்டன. அந்நெறிமுறையின்படி உள்ளே செல்பவருக்குப் பயிற்சி வேண்டும். உள்ளே காற்றைச் சோதிக்கவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வாயிலில் துணைக்காவலர் ஒருவர் நிற்கவேண்டும். உள்ளிருப்பவரோடு அவர் இடையறாத் தொடர்பில் இருக்கவேண்டும். ஆபத்து நேர்ந்தால் பதறித் தாமும் உள்ளே பாய்ந்துவிடாமல் மீட்புக் குழுவை அழைக்கவேண்டும். பாய்ந்து சென்ற துணைவரும் சேர்ந்தே மாண்ட நிகழ்ச்சிகள் பல நாடுகளில் நேர்ந்ததனால் வந்த கட்டுப்பாடு இது. அன்புடையவர் கால்கள் உள்ளே ஓடத் துடிக்கும். வெளியே நிற்பதே அப்போது அன்பின் கடமையாகிறது. இதைவிடக் கடினமான அறப்பாடம் ஒன்றை நாம் மாணவர்க்குச் சொல்லியிருக்கிறோமா என்பது ஐயமே.

பழைய எடுபிடியே இத்துணைக்காவலர் என்பதைக் காண்பதற்கு நுண்ணறிவு வேண்டியதில்லை. அவர் கையிலிருந்த விளக்கு உள்ளிருப்பவரின் நெற்றிக்குச் சென்றுவிட்டது. அவர் அங்கேயே இருக்கிறார். இப்பொழுது அவருக்குப் பெயர் இருக்கிறது. பயிற்சிச் சான்றிதழும் இருக்கிறது. கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை உள்ளிருப்பவரின் பெயரைச் சொல்லி அழைக்கிறார். உள்ளிருந்து பதில் வருகிறது. வாய் விடுபட்டிருப்பதால்தான் அப்பதில் வருகிறது என்பதையும் மறவாதிருப்போம்.

ஆனால் நெறிமுறை அடைபட்ட இடம் என்று வரையறுத்த இடங்களுக்கே இவர் கட்டாயம். வாட்டும் தொட்டியின் அடிப்பகுதி அவ்வரையறைக்குள் வருமா? விசிறிக் கூண்டு வருமா? இதைப் பற்றி வாதிட்டுக்கொண்டிருக்கும்போதே இலை நிறம் மாறத் தொடங்கிவிடுகிறது. நள்ளிரவு முறையில் ஆலையில் இருப்பவர் சிலரே. வாயிலில் நிற்பவரை, "சும்மாதானே நிற்கிறீர், இந்த மூட்டையைக் கொஞ்சம் நகர்த்தும்" என்று அழைக்க எந்த மேற்பார்வையாளருக்கும் நா எழும். நிற்பது வேலையாகத் தோன்றாத கண்களுக்கு அது சும்மா நிற்பதாகவே படும். அந்த ஒரு மணி நேரம் ஆலையின் நேரக் குறிப்பேட்டில் எந்தப் பெயரில் எழுதப்படுகிறது என்பதைத்தான் இனிப் பார்க்கவேண்டியிருக்கிறது.